பிரேக் போடாம நின்னுட்டேன்!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காசிமேட்டுல மீன் விக்கிற என் மாமியாரை, கூடையோட கார்ல ஏத்தி வியாசர்பாடியில நம்ம வீட்டுல இறக்கணும்.

பாக்க சின்ன வேலை. ஆனா எனக்கு அது பரீட்சை! குடும்பத்தோட ஏலகிரிக்குப் போறதா பேச்சு. என் பழைய கார்லதான் போகணும்னு எனக்கு ஆசை.

"எங்கம்மா உன் வண்டியில வந்து பாத்துட்டு சரின்னு சொல்லட்டும். இல்லாங்காட்டி பஸ்தான்"னு பொண்டாட்டி தீர்ப்பு சொல்லிட்டா.

நானும் சும்மா இல்ல. மலைப்பாதையில ஓட்டறது எப்படின்னு வீடியோவா பாத்துத் தள்ளியிருந்தேன். இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுகிட்டு இருந்தா சூடாகிப் பிடிக்காமப் போயிடுமாம். கியரைக் குறைச்சா எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமாம்.

பழகிப் பாக்க மலைக்கு எங்க போறது? எங்க ஏரியாவுல இருக்கிற ஒரே மலை, மூலக்கொத்தளம் பக்கத்து மேம்பாலம்தான்!

அத்தை முன் சீட்ல. மடியில அன்னக்கூடை, அதுல சங்கரா மீன், மேல ஐஸ். கல்யாணம் ஆனதுல இருந்து என்னை "வாங்க மாப்ள, போங்க மாப்ள"ன்னு மரியாதையா பேசறவங்க.

பாலத்து உச்சி வந்துச்சு. "அத்தை, இப்ப பாருங்க. பிரேக்கைத் தொடாமலே இறக்கப் போறேன்!"

"இன்னாத்துக்கு மாப்ள? பிரேக்கு புட்டுகிச்சா?"

"ஐயோ இல்ல அத்தை. இது டெக்னிக்!"

வீடியோவுல ஒவ்வொரு கியரா குறைக்கச் சொன்னாங்க. நான் ஆர்வக்கோளாறுல நாலாவதுல இருந்து நேரா ரெண்டாவதுக்குத் தள்ளி, கிளட்ச்சை விட்டுட்டேன்.

வண்டி வீல்னு கத்திச்சு. அத்தை முன்னால பாய்ஞ்சாங்க, சீட் பெல்ட் பிடிச்சுகிச்சு. மீனுக்கு ஏது சீட் பெல்ட்? அது நேரா முன் கண்ணாடிக்குப் போயிடுச்சு.

அதே நேரம் பின்னால டமால்!

ஒரு ஆட்டோ. எங்க ஆட்டோக்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாலத்து உச்சிக்கு வந்ததும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, சும்மா உருண்டு இறங்குவாங்க. எஞ்சினாலயே நிறுத்தற நானும், எஞ்சினே வேணாம்னு வர்ற அவரும் அங்க சந்திச்சுகிட்டோம்.

"யோவ்! பிரேக்கு போட்டா பின்னால சிவப்பு லைட்டு எரியணும்ல? ஏன்யா எரியல?"ன்னு ஆட்டோக்காரர் பாய்ஞ்சார்.

"நான் பிரேக்கே போடலையே!"ன்னேன், கொஞ்சம் பெருமையா.

என்னை மேலயும் கீழயும் பாத்தார். "பிரேக்கே போடாம எப்டி நைனா நின்ன? வேண்டுதலா?"

இதை ஒரு வீடியோக்காரனும் சொல்லலையே! கால் பிரேக்ல படலைன்னா பின்னால லைட் எரியாது. நான் வேகத்தைக் குறைச்சது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தை முந்தானையில இருந்த ஐஸை உதறிகிட்டே இறங்கினாங்க.

"யோவ் மாப்ள! பிரேக்குன்னு ஒண்ணு வெச்சிகீறான்ல, அத்த மிதிச்சா இன்னா, தேஞ்சா பூடும்? கீழ சுடுகாடு கீதுன்னு நேரா அங்கியே இட்டாந்துட்டியா?"

வாங்க போங்க எல்லாம் அந்தப் பாலத்துலயே இறங்கிடுச்சு. அத்தை மீனைப் பொறுக்கிகிட்டு, எங்களை இடிச்ச அதே ஆட்டோவுல ஏறிப் போயிட்டாங்க!

ஏலகிரிக்கு பஸ்லதான் போனோம்.

திரும்பி இறங்கும்போது டிரைவர் கியரைக் குறைச்சு, எஞ்சின் உறும, பிரேக்கை அவ்வளவா தொடாமலே ஒவ்வொரு வளைவா அலுங்காம இறக்கினார். எனக்கு வயிறு எரிஞ்சுது.

முன் சீட்ல இருந்து அத்தை என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"பாத்தியா மாப்ள, அந்தாளு இன்னா சோக்கா பிரேக்கு போடறான்! கத்துக்க."