திருமுல்லைவாயிலுக்குக் குளிர்காலம் வந்த கதை

ஒரு நகரம் பழமையானதாக இருந்தால் மட்டும் போதாது, அது குளிர்காலத்தில் படம் எடுக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்கான வசதி அந்தச் சுற்றறிக்கையில் செய்து தரப்படவில்லை.

சுற்றறிக்கையை அனுப்பியது பாரம்பரியப் பருவகால இயக்ககம். வந்து சேர்ந்த இடம் திருமுல்லைவாயிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அதன் மேற்கு வட்டார அலுவலகம். அங்கே உதவி அலுவலராக இருந்தவர் சுப்பராயன். ஊரில் கல்வெட்டு உள்ள கோயில் இருக்கிறது, ஏரி இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. ஆகவே ஊர் வரலாற்றுச் சிறப்பு மிக்கது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. குளிர்காலம்தான் பாக்கி. அதை ஏற்பாடு செய்வதற்காக அவர் துலுக்கானத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

துலுக்கானம் ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு காலத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பாஸ்போர்ட் சைஸ் படமும் பெரிய காரியத்துக்கு மாலை போட்ட படமும்தான் மிஞ்சின. உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் தன்னைத் தேடி வருவதில்லை என்று அவருக்கு உள்ளூர வருத்தம் உண்டு.

மாடியேறி வந்தவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார். அது டிசம்பர் மாதம்.

"வரலாற்று நகரத்தைக் குளிர்காலத்தில் ஆவணப்படுத்தணும்" என்றார் சுப்பராயன். "பத்துப் படம். பனி தெரியணும். மக்கள் கம்பளி உடை போட்டிருக்கணும். ஐந்து பேராவது நடுங்கணும். எல்லாம் விதியிலேயே இருக்கு."

"நம்ம ஊர்ல குளிர் எங்க சார் கீது?"

"அது உங்க சொந்த அபிப்பிராயம். சுற்றறிக்கைப்படி இப்ப குளிர்காலம்."

"எனக்கு வேர்க்குதே சார்."

"வேர்க்கிறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. படத்துல தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

துலுக்கானம் தயங்கினார். சுப்பராயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, படங்கள் ஏற்கப்பட்டால் ஸ்டூடியோ வாசலில் 'அரசு அங்கீகாரம் பெற்ற பருவகாலப் படக்கலைஞர்' என்று போர்டு வைத்துக்கொள்ள இயக்ககம் அனுமதி கொடுக்கும் என்றார். துலுக்கானம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, கோயில், மார்க்கெட் என்று சுற்றினார். படங்கள் தெளிவாக விழுந்திருந்தன. அதுதான் குற்றமாகப் போயிற்று. சுப்பராயன் ஒவ்வொரு படத்தின் மேலும் சிவப்பு மையில் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தார். இந்தப் படத்தில் ஒருவர் இளநீர் குடிக்கிறார், தவிர்க்கவும். இந்தப் படத்தில் வெயில் அதிகம், குறைக்கவும். இந்தப் படத்தில் நாய் நிழலில் படுத்திருக்கிறது. குளிர்கால நாய் வெயிலில் படுக்க வேண்டும்.

"நாய்க்கு நான் எப்டி சார் சொல்லுவேன்?"

"மனுஷங்களுக்குச் சொல்லலாம் இல்லையா? அதுல இருந்து ஆரம்பிங்க."

மனிதர்களுக்குச் சொல்லும் வேலையைத் துலுக்கானம் தன் வீட்டிலிருந்து தொடங்கினார். மனைவி நாகம்மா அடுப்படியில் வியர்க்க விறுவிறுக்க இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தாமே, ஞாயித்துக்கெழம கோயிலாண்ட ஒரு போட்டோ எடுக்குறேன். சொட்டர் போட்டுகினு வந்து நில்லு."

"இன்னாத்துக்கு? எனக்கு இன்னா ஜொரமா?"

"கவர்மெண்ட்டு வேலமே."

"கவர்மெண்ட்டுக்குக் குளுந்தா அது போட்டுக்கட்டும். நான் எதுக்குப் போட்டுக்கணும்?"

கம்பளி உடை இருக்கும் இடத்தைத் தேடித் துலுக்கானம் ஏரிக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார். அங்கே சங்கச் செயலாளர் மோகனப்பிரியா. மதுரைப் பக்கத்துப் பெண், கணினிக் கம்பெனியில் வேலை. துலுக்கானம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. குடியிருப்பில் பாதிப் பேர் மணாலிக்குப் போய் வந்தவர்கள். அதற்காக வாங்கிய ஜாக்கெட்டும் பூட்ஸும் ஒரு வாரம் வெளிச்சம் பார்த்துவிட்டுப் பரணில் கிடந்தன. அவற்றைப் போடுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று எல்லாரும் மனதுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"பனிக்கு என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் மோகனப்பிரியா.

அந்தக் கேள்விக்குச் சுப்பராயன் ஒரு விடை வைத்திருந்தார். கொசு மருந்துப் புகை அடிக்கும் மெஷின்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் ஊர் கூடிற்று. குடியிருப்புக்காரர்கள் ஜாக்கெட், மப்ளர், கையுறை சகிதம் வந்தார்கள். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நாகம்மாவும் வந்தாள், வெறும் சேலையில். ஜாக்கெட் போட்ட பெண்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு துலுக்கானத்தின் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஊட்ல அந்த செவப்பு சால்வ எங்க வெச்சே?" என்று கேட்டாள். சால்வை வந்ததும் கேமராவுக்கு எதிரே முதல் வரிசையில் போய் நின்றுகொண்டாள். அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரப் பெண்களும் வீட்டுக்கு ஓடினார்கள். கம்பளி கிடைக்காதவர்கள் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள்.

மெஷின் உறுமியது. வெள்ளைப் புகை கிளம்பி கோபுரத்தைச் சுற்றிப் பரவியது. ஐந்து பேரை எப்படி நடுங்க வைப்பது என்று சுப்பராயன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அந்தக் கவலை இப்போது தானாகவே தீர்ந்துவிட்டது. எல்லாரும் கண்ணில் நீர் வழிய, குலுங்கிக் குலுங்கி இருமினார்கள்.

"விதி அஞ்சுதான் கேக்குது. ஊரே நடுங்குது" என்று சுப்பராயன் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். "விடாதீங்க, எடுங்க."

நடுவில் குடியிருப்புச் சங்கப் பொருளாளர் ரோஹித் என்கிற இளைஞன், இரண்டு ஜாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தவன், உஷ்ணம் தாங்காமல் மயங்கி விழுந்தான். நாலு பேர் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தார்கள். துலுக்கானம் அதையும் எடுத்தார். 'கடுங்குளிரில் மயங்கியவருக்கு மக்கள் உதவி' என்று சுப்பராயன் அதற்குத் தலைப்புக் கொடுத்தார்.

அன்று மதியம் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து துலுக்கானம் படங்களைக் கணினியில் பார்த்தார். ஒரு படத்தில் அவர் கை நின்றுவிட்டது. வெண்மைக்கு நடுவே கோபுரத்தின் மேல் பாதி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. கீழே சிவப்புச் சால்வையில் நாகம்மா, கண் கலங்கி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவளை இவ்வளவு அழகாக அவர் பார்த்ததில்லை. எடுத்தது தானா, எடுக்கப்பட்டது தன் ஊர்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தார். லேசாகக் குளிர்வது போலக்கூட இருந்தது.

ஊர் ஊராக வந்து சேர்ந்த குளிர்காலப் படங்களுக்கு இயக்ககம் வைத்த போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. திருமுல்லைவாயில் குளிர் நகரப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக அரசாணை வந்தது. சுப்பராயன் உதவி அலுவலரிலிருந்து அலுவலர் ஆனார். துலுக்கானம் போர்டு வைத்தார். விளக்கு போட்ட போர்டு.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. டீக்கடைகளில் 'மலைப் பிரதேச இஞ்சி டீ' எழுதி ஒட்டினார்கள். வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பிள்ளைகள் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்க வந்தார்கள். பனி எங்கே என்று அவர்கள் தகராறு செய்ததால் ஞாயிறுதோறும் மெஷின் ஓடியது. ஊரில் கொசு குறைந்தது. இந்தத் திட்டத்தால் விளைந்த ஒரே உண்மையான நன்மை அதுதான் என்பதால் அதை எந்த அறிக்கையிலும் குறிப்பிடவில்லை. ஏரிக்கரையில் எழும்பிய புதுக் கட்டடத்துக்குப் 'பனி வியூ' என்று பெயர். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வேப்பம்பட்டிலிருந்தெல்லாம் வந்து துலுக்கானத்திடம் குளிர்காலப் படம் எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் ஸ்டூடியோவுக்கு வெளியே காத்திருந்தார்கள்.

மே மாதம் வந்தது. அதற்கு அரசாணை தெரியாது.

வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளந்தது. ஊருக்கே இருந்த ஒரே டிரான்ஸ்ஃபார்மர் தினமும் மதியம் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. பிரசவத்துக்கு வந்திருந்த துலுக்கானத்தின் மகள் சுதா, பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பகல் முழுக்க விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. அது அழுத அழுகையில் துலுக்கானம் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார்.

இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று ஊரே சேர்ந்து மனு கொடுத்தது. மனு பல மேசைகளில் இளைப்பாறிவிட்டுப் பாரம்பரியப் பருவகால இயக்ககத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் வந்தது: 'குளிர் நகரப் பட்டியலில் உள்ள ஊருக்கு மின்விசிறி, ஏசி ஆகியவற்றின் பொருட்டுக் கூடுதல் மின்வசதி பரிந்துரைக்க வழிவகை இல்லை. எனினும் மக்கள் படும் துயரம் கனிவுடன் பரிசீலிக்கப்படும்.'

பரிசீலிப்பதற்காக இணை இயக்குநர் நிவேதிதா நேரில் வந்தார். கல்யாண மண்டபத்தில் கூட்டம். கரண்ட் இல்லை. ஊர்ப் பெண்கள் மனு நகலாலேயே விசிறிக்கொண்டிருந்தார்கள். நிவேதிதா வளைத்துப் பேசுகிறவர் இல்லை. பரிசு பெற்ற படத்தை உயர்த்திக் காட்டினார்.

"எனக்கும் வேர்க்குது. எனக்கே புரியுது. ஆனா கோப்புல இந்தப் படம் இருக்கு. இது உண்மை இல்லன்னு உங்கள்ல ஒருத்தர் சொன்னாப் போதும். இன்னைக்கே பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடறேன். டிரான்ஸ்ஃபார்மர் தானா வந்துரும்."

விசிறிக்கொண்டிருந்த மனு நகல்கள் நின்றன.

சுப்பராயன் கூரையைப் பார்த்தார். மோகனப்பிரியா போனைப் பார்த்தாள். அந்தப் படத்தில் நாகம்மாவுக்குப் பின்னால் அவளும் இருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது அந்தப் படத்துக்குத்தான். தவிரவும், வீட்டை நல்ல விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடுங்குளிரில் மயங்கிப் புகழ் பெற்ற ரோஹித்துக்கு அதை வைத்துத்தான் பெண் அமைந்திருந்தது. டீக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

துலுக்கானத்தால் உட்கார முடியவில்லை. காதுக்குள் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த நாகம்மாவிடம், "நீ சொல்லேன்மே" என்றார் தாழ்ந்த குரலில்.

"நானா? என் தம்பி பொண்டாட்டி அந்தப் போட்டோவ பிரேம் போட்டு ஊட்ல மாட்டிகீறா. எடுத்தவன் நீ. நீ சொல்லு."

துலுக்கானத்தின் கை மெதுவாக மேலே போனது. மண்டபமே திரும்பியது.

"சொல்லுங்க ஐயா" என்றார் நிவேதிதா. "தைரியமா சொல்லுங்க."

துலுக்கானம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். இவ்வளவு பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

"ஒண்ணும் இல்ல மேடம். அந்தப் படம் எட்த்தது நான்தான்."

மண்டபம் கைதட்டியது. வியர்வையில் நனைந்த கைகள் என்பதால் சத்தம் கொஞ்சம் சொதசொதவென்று வந்தது.

நிவேதிதா படத்தைக் கோப்புக்குள் வைத்தார். பிறகு கோப்பில் 'குளிர் நிலவுவதை மக்கள் ஒருமனதாக உறுதி செய்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏசி காரில் ஏறிப் போனார்.

அடுத்த வாரம் மக்கள் துயர் துடைக்க ஒரு லாரி வந்தது. வீட்டுக்கு ஒரு கம்பளி.

அக்கினி நட்சத்திர வெயிலில் ஊர் வரிசையில் நின்றது. முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். யாரோ ஒருவருக்கு இரண்டு கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியதும் சிரிப்பு நின்றது. குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொரு கதவும் தனி வீடு என்றார்கள். ஊர்க்காரர்கள் ஒரே கேட்டுக்கு ஒரே கம்பளிதான் என்றார்கள். சட்டைகள் கிழிந்தன. டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

துலுக்கானம் தன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கரண்ட் போயிருந்தது. சுதா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் கம்பளியை விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு அதிலேயே முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாகம்மாவைக் கூப்பிட்டார்.

"பாத்தியாமே அநியாயத்த. பக்கத்து ஊட்டுக்காரனுக்குத் தடியா குட்த்துகீறான். நம்மளுது மெலிசா கீது."

மறுநாள் காலை சுப்பராயன் அலுவலகத்து மாடிப்படியில், கையில் மனுவோடு, துலுக்கானம்தான் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை படியிறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, ஸ்டேஷன் ரோடு வரைக்கும் போயிருந்தது.