மஞ்சள் வட்டங்கள்

பால் பொங்கி வழிந்து, பாத்திரமும் கருகிப்போன பிறகுதான் சாம்சன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

"யாரு வச்சது?"

"நாந்தாம்பா. மறந்துட்டேன்," என்றார் அவன் அப்பா ஆசீர்வாதம். அம்மா ஆரோக்கியமேரி பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துப் போனாள்.

அப்பாவுக்கு மறதி என்பது தெரு முழுக்கத் தெரியும். அவரே போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

சாம்சனுக்குத் தேர்வாய் கண்டிகையில் வேலை. அவன் கம்பெனியில் ஸ்பேனர் வைக்கும் இடத்துக்குக்கூட மஞ்சள் டேப்பில் கோடு உண்டு. அதே டேப்பை வாங்கிவந்து, சமையலறை அலமாரியில் டப்பாவுக்கு ஒரு வட்டம் ஒட்டினான். எல்லா டப்பாவும் ஒரே அளவு என்பதை மேதாவி யோசிக்கவில்லை. மறுநாள் சர்க்கரை வட்டத்தில் உப்பு உட்கார்ந்திருந்தது. டீயை வாயில் வைக்க முடியவில்லை.

"நாந்தான் மாத்தி வச்சிட்டேன்," என்றார் ஆசீர்வாதம்.

அடுத்து போனில் மாத்திரைக்கு ஒரு அலாரம், தண்ணீர் மோட்டாருக்கு ஒரு அலாரம் வைத்தான். இரண்டுக்கும் ஒரே சத்தம். மோட்டார் அலாரத்துக்கும் மாத்திரைதான் காலியானது.

"இன்னா நைனா, சுகர் மாத்திரைய ரெண்டு வாட்டி துன்னுட்டியா?"

"ஆமாம்பா. மறந்துட்டேன்."

"உனக்கு சுகரே இல்லியே. அது அம்மா மாத்திரையாச்சே."

ஆசீர்வாதம் கொஞ்சம் யோசித்தார். "அதையுந்தான் மறந்துட்டேன்."

சாம்சன் மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

"நான் டூட்டிக்குப் போயிட்டா, உன்னால அம்மாவுக்கு எதனா ஆயிடும். ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சதும் வேப்பம்பட்டுல அக்கா ஊட்ல உன்ன வுட்டுர்றேன். அம்மா இங்கியே இருக்கட்டும்."

"அவளத் தனியா வுடாதப்பா. எங்கன்னாலும் ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பு."

"அங்க ஒரே ரூமு நைனா."

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து, தன் ஷிப்டு ஆட்களுக்கு வந்த மெமோவையெல்லாம் தன் பேரில் வாங்கிக்கொண்ட மனிதர், பச்சைப்பிள்ளை மாதிரி அழுதார். சாம்சன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

சுகாதார நிலையத்தில் முதியோருக்கு ஞாபகப் பயிற்சி கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஆசீர்வாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்வருவார். ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சாம்சன் அங்கே போனான்.

"அப்பா பேர எடுத்துடுங்க சிஸ்டர். இனிமே வர மாட்டாரு."

நர்ஸ் ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு பேரு இங்க இல்லியே சார். பயிற்சி உங்க அம்மாவுக்கு. அவரு தொணைக்குத்தான் வர்றாரு."