இடுப்பில கட்டின பெட்டி

போன் அலை மனுசன்ர உடம்புக்கு என்ன செய்யும் எண்டு ஆராய்ச்சி செய்த ஆக்களில நானும் ஒருத்தன். (பொய். ஆராய்ச்சி செய்தது கம்பஸில இருந்து வந்த மிஸ். நான் பெட்டி கட்டின ஆள். எட்டாம் வகுப்பையே முழுசாப் பாக்காதவன்.)

சண்டைக் காலம். வெள்ளவத்தையில எங்கட பிளட்டின்ர மொட்டை மாடியில போன் டவர் நிண்டது. அதைப் பற்றி ஆராய வந்த மிஸ் என்னட்ட ஒரு சின்னப் பெட்டியைத் தந்தா.

"அண்ணை, இண்டைக்கு இதை இடுப்பில கட்டிக்கொண்டு வழமைபோலத் திரியுங்கோ. அலை கூடினாச் சிவப்பு லைட் மின்னும், கீக் கீக் எண்டு கத்தும். சேட்டுக்கு வெளியால கட்டுங்கோ."

வெளியால கட்டினா நான் வேலை செய்யிற சாறிக்கடைப் பெடியள் நக்கலடிப்பாங்கள். நான் உள்ளுக்கக் கட்டினன். (மூளை அவ்வளவுதான்.)

பின்னேரம் வேலை முடிஞ்சு காலி வீதியால வாறன், செக்பொயின்ட். ஆமிக்காரன் என்ர ஐடென்டிட்டி காட்டை வாங்கிப் பாத்துக்கொண்டே வாக்கிடோக்கியை அமத்திக் கதைச்சான். என்ர வயித்துக்குள்ள இருந்து கீக் கீக். சேட்டுக்குள்ளால சிவப்பு மின்னுது.

அவன் பின்னால பாஞ்சு துவக்கை நீட்டினான். நான் கையைத் தூக்கினன். இனி வீட்டுச் சோறு இல்லை எண்டு முடிவெடுத்திட்டன்.

"மே மொகத்த?" இது என்னண்டு கேக்கிறான். எனக்குத் தெரிஞ்சது சாறி விக்கிற சிங்களம். "போன் அலை அளக்கிற சாமான் சேர். டொக்டர்மார் தந்தது. சாயம் போகாது" எண்டன்.

சேட்டைத் தூக்கச் சொன்னான். தூக்கினன். வாக்கிடோக்கியை அமத்தினான், கத்திச்சு. விட்டான், நிண்டிட்டுது. திருப்பி அமத்தினான். முகம் மாறிப்போச்சு.

"அய்யே, இதை நான் நாள் முழுக்கக் காதில வச்சிருக்கிறன். என்ர தலையிடி இதாலயோ?" இவ்வளவு நேரமும் துவக்கு நீட்டினவன் இப்ப என்னை 'அய்யே', அதுதான் அண்ணை, எண்டுறான்.

"தெரியாது சேர். அதைத்தான் தேடுறம்."

உடனே மற்ற ஆமிக்காரரையும் கூப்பிட்டான். எல்லாரும் வாக்கிடோக்கியோட வரிசையில நிக்கினம். நான் சேட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில. பஸ்ஸில போற சனம் எல்லாம் என்ர தொப்பையைத்தான் பாக்குது.

"எங்கட பெரியவர் நாளைக்கு வருவார். அவற்ர வாக்கிடோக்கியையும் அளக்கோணும். அதுவரைக்கும் காட் என்னட்ட இருக்கட்டும்."

காட் இல்லாமல் அந்த நாளையில நாங்கள் சந்திக் கடைக்கும் போகேலாது. விடிய மிஸ்ஸின்ர காலில விழாத குறையாக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனன். மிஸ் சிங்களத்தில விளங்கப்படுத்தினா. காட் கையுக்கு வந்திட்டுது. பிறகு அந்தப் பெரியவர் தன்ர தொப்பியைக் கழட்டி மிஸ்ஸிட்ட என்ன கேட்டார் தெரியுமே, அவர்...

"இஞ்சேருங்கோ, சின்னவனுக்குத் தலையிடியாம். சேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ."

மனுசி கூப்பிடுறா. இந்தக் கதை தெரிஞ்ச நாளில இருந்து இந்த வீட்டில யாருக்குத் தலை இடிச்சாலும் இதுதான் வைத்தியம்.

வாறனப்பா.