செவந்தி இருக்குமிடம் குறித்த தீர்மானம்

குற்றப் புலனாய்வின் வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் அதை ‘மாங்கொல்லைப்பட்டிக்கு முன்’, ‘மாங்கொல்லைப்பட்டிக்குப் பின்’ என்று இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும். இதை ஊர்ப்பற்றால் சொல்லவில்லை. கீரமங்கலத்துக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில், பலாத்தோப்புக்கும் முல்லைக் கொல்லைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து, காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி ஒரே வாரத்தில் போலீஸாருக்கு முப்பத்தோரு மனுக்கள் போயின. அத்தனையும் எழுதியவன் நான். நகல்கள் தேதிவாரியாக என்னிடம் இருக்கின்றன.

காணாமல் போனவர் செவந்தி. வயது முப்பத்தாறு. கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. தங்கை சரண்யாவோடு இருந்துகொண்டு, விடியற்காலையில் பூக்கூடையைத் தூக்கிப்போய்க் கீரமங்கலம் கமிஷன் கடையில் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்புகிறவர். அந்தத் திங்கட்கிழமை திரும்பவில்லை.

செவ்வாய் காலை சப்-இன்ஸ்பெக்டர் மோகனப்ரியா ரேஷன் கடை முன்னால் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். சரண்யா ஒரு காலி மாத்திரை அட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

“அக்காவுக்கு வலிப்பு உண்டுங்க மேடம். மாத்திரை தீந்துபோச்சு. அத வாங்கத்தான் புதுக்கோட்டைக்குப் போயிருப்பா. போற வழியில எங்கிட்டாச்சும் விழுந்து கெடக்காளோன்னு பயமா இருக்கு. மாத்திரை இல்லாம நாலு நாள் தாங்க மாட்டா மேடம்.”

கூட்டத்தில் ஏமாற்றம் பரவுவதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒரு பெண் காணாமல் போய், போலீஸ் ஜீப்பும் வந்து, கடைசியில் ‘மாத்திரை வாங்கப் போனாள்’ என்றால், உலையை இறக்காமல் ஓடி வந்த அத்தனை பேருக்கும் யார் பதில் சொல்வது?

நல்லவேளையாக, எதிர்வீட்டுச் சொர்ணவல்லி முன்னால் வந்து ஊரின் மானத்தைக் காப்பாற்றினார்.

“மாத்திரை வாங்கப் போறவ புதுச்செருப்புப் போட்டுக்கிட்டா போவா?”

“நீங்க பாத்தீங்களாம்மா?”

“பாக்கலங்க. ஆனா பழைய செருப்பு வாசல்ல கெடக்குல்ல?”

“அது அறுந்துபோச்சு சின்னம்மா,” என்றாள் சரண்யா.

“அதத்தான் நானும் கேக்குறேன். அத்தன நாளு அறுகாத செருப்பு அன்னைக்குன்னு பாத்து ஏன் அறுந்துச்சு?”

துபாயில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்ததால் உலகக் குற்றங்கள் அனைத்திலும் பரிச்சயமுள்ள கோபிநாத் அடுத்துப் பேசினார்.

“மேடம், மொதல்ல டவர் போட்டுப் பாருங்க.”

“அவங்ககிட்ட போனே இல்லையாமே தம்பி.”

“பாத்தீங்களா? இந்தக் காலத்துல ஒரு ஆளு போனே இல்லாம இருக்குன்னா, எத்தன வருசமாப் பிளான் பண்ணியிருக்கணும்!”

எஸ்.ஐ. இளவயதுக்காரர். அனுபவம் போதாது. “அந்தம்மா எந்த பஸ்ஸுல ஏறுனாங்கன்னு யாராச்சும் பாத்தீங்களா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்,” என்று அதையே மூன்று தடவை கேட்டார். இவ்வளவு சின்னக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு புலனாய்வு எப்படி உருப்படும்? அதை நான் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. என் பேனா அப்போது செருப்பு விவகாரத்தில் இருந்தது.

எனவே அன்று மாலையே ‘செவந்தி தேடுதல் வழிகாட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் வீரய்யா. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி நாலு திசையும் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

புதன்கிழமைக் கூட்டத்தில் செவந்தி இருக்குமிடம் குறித்துக் காரசாரமான விவாதம் நடந்தது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒருவரோடு இருப்பதாகச் சொர்ணவல்லியும், சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டதாகக் கோபிநாத்தும் வாதிட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் எப்படி என்று ஒருவர் கேட்டார். “அதான் போலீஸு கண்டுபிடிக்க வேண்டியது. எல்லாத்தையும் நாமளே செஞ்சா அவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?” என்றார் கோபிநாத். நியாயம்தான்.

முடிவு எட்டாததால், ஜனநாயக முறைப்படி வாக்கெடுப்பு நடத்தினோம். திருப்பூர் 19. சிங்கப்பூர் 8. கிணறு 5. மருத்துவமனை என்று ஒரே ஒரு சீட்டு விழுந்தது. அது சரண்யா எழுதியது. அவர் நெருங்கிய உறவினர், ஆகவே நடுநிலையாகச் சிந்திக்க இயலாதவர் என்பதால் அந்தச் சீட்டு செல்லாது என அறிவிக்கப்பட்டது. செவந்தி திருப்பூரில் இருப்பதாகப் பெருத்த கரவொலிக்கிடையே தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார்.

“ஒரு ஆளு எங்க இருக்காங்கன்னு ஓட்டுப் போட்டா முடிவு பண்ணுவீங்க?”

“நாட்ட யாரு ஆளுறதுன்னே அப்படித்தானே மேடம் முடிவு பண்றோம்?” என்றார் வீரய்யா.

எஸ்.ஐ. தயங்கியதால், மாவட்டத் தலைமைக்கும் சென்னைக்கும் அன்றே ஃபேக்ஸில் நகல் அனுப்பினேன். ஒவ்வொரு நகலும் ‘உரிய நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்புக’ என்ற குறிப்போடு மறுபடி அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகு காவல் துறையில் ஏற்பட்ட சுறுசுறுப்பை நான் மனமாரப் பாராட்ட வேண்டும். எஸ்.ஐ. வியாழக்கிழமை முழுவதும் திருப்பூரில் பதினோரு பனியன் கம்பெனிகளின் வாசலில் நின்றார். கிணற்றுக்கு விழுந்த ஐந்து ஓட்டையும் மதித்து, தீயணைப்பு வண்டி வந்து மூன்று கிணற்றில் தண்ணீரை இறைத்தது. புதுக்கோட்டை மருத்துவமனைக்கு ஒரு கான்ஸ்டபிள் போன் போட்டுக் கேட்டார். ‘செவந்தி’ என்ற பெயரில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. நேரில் ஒரு எட்டுப் போய்ப் பார்க்க எஸ்.ஐ.க்கு ஆசைதான். ஆனால் என்னுடைய ஒன்பது முதல் பதினேழு வரையிலான மனுக்கள் பதிலுக்காகக் காத்திருந்தனவே.

சரண்யா மட்டும் என்னிடம் ஒரே பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள். “அண்ணே, கூட்டமெல்லாம் வேணாண்ணே. அக்கா மொகம் பெருசாத் தெரியிற மாதிரி ஒரே ஒரு போர்டு வைங்க. பாக்குற யாராச்சும் சொல்ல மாட்டாங்களா? நாலு நாளாச்சுண்ணே.”

மனிதாபிமான அடிப்படையில் குழு அதை ஏற்றது. பத்துக்கு எட்டு அடி அளவில் ஃபிளக்ஸ் அடிக்க ஏற்பாடாயிற்று. செவந்தியின் முகம் நடுவில் பெரிதாக என்பதுதான் முதல் வரைவு. ஆனால் தேடுகிறவர் யார் என்று தெரியாமல் தேடப்படுகிறவரை மட்டும் போட்டால் பொதுமக்கள் குழம்ப மாட்டார்களா? தலைவர் படம் சேர்ந்தது. தலைவர் படம் இருந்தால் செயலாளர் படம் வேண்டும். பிறகு துணைத் தலைவர்கள் ஆறு பேர், ஆலோசகர்கள், ‘வெளிநாட்டு ஒருங்கிணைப்பாளர்’ கோபிநாத் கூலிங்கிளாஸோடு, மகளிர் அணி சார்பில் சொர்ணவல்லி. மொத்தம் இருபத்து மூன்று முகங்கள்.

“எங்கக்கா எங்கண்ணே?” என்றாள் சரண்யா, கம்ப்யூட்டர் திரையில் தேடியபடி.

“கீழ வலது மூலையில பாரும்மா. ‘வருக வருக’வுக்குப் பக்கத்துல,” என்றேன்.

“‘வருக வருக’ எதுக்குண்ணே?”

“அது அந்த டிசைன்லயே வருதாம். எடுத்தா ஓரத்துல இருக்குற பூமாலை கோணிப்போயிரும்ங்கிறாரு டிசைன் பண்றவரு.”

செவந்தியின் படம் தபால் தலையை விடச் சற்றுப் பெரிதாக, கௌரவமாக அமைந்தது. மேலே ‘காணவில்லை’ என்ற கொட்டை எழுத்து. அதற்கு நேர் கீழே, கும்பிட்ட கையோடு வீரய்யா. அடியில் எங்கள் ஊர்ப் பெயரும் ஸ்டேஷனின் தொலைபேசி எண்ணும். வெள்ளிக்கிழமை விடிந்தபோது மாவட்டத்தில் எட்டு இடங்களில் ஃபிளக்ஸ் நின்றது. மருத்துவமனை வாசலுக்கு எதிரே நின்றதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

விளைவு உடனடியாகத் தெரிந்தது. திருக்கோகர்ணத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வீரய்யா, பால் வாங்கத் தெருவில் இறங்கியதும் பொதுமக்களால் அடையாளம் காணப்பட்டார்.

“பெரியவரே, பயப்படாதீக. ஒங்கள வீட்டுல தேடுறாக,” என்று ஒரு ஆட்டோக்காரர் கையைப் பிடித்தார்.

“யோவ், நான் தேடுற ஆளுய்யா! குழுத் தலைவரு!”

“ஆமாமா. தலைவருதான். வாங்க, டீ சாப்புட்டுப் பேசுவோம்.”

“எனக்கு ஒண்ணும் ஆகலய்யா, விடு!”

“எங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொன்னாரு,” என்று கண் கலங்கினார் ஆட்டோக்காரர். அந்த ஈரநெஞ்சக்காரர் வாடகைகூடக் கேட்காமல், இன்னும் இரண்டு பேரின் துணையோடு வீரய்யாவைப் பத்திரமாக நடுவில் உட்காரவைத்து ஸ்டேஷனில் ஒப்படைத்தார். பால் பாக்கெட்டும் ஒப்படைக்கப்பட்டது.

அன்று ஒரே நாளில் ஸ்டேஷனுக்கு நூற்றுப் பத்து அழைப்புகள். கோபிநாத் ஆலங்குடியில் பரோட்டாக் கடையில் மீட்கப்பட்டார். சொர்ணவல்லியைக் கோயில் வரிசையில் மீட்டார்கள். மாலைக்குள் இருபத்து மூன்று பேரில் பதினாறு பேர் கிடைத்துவிட்டோம். காவல் துறை வரலாற்றில் இப்படி ஒரு வெற்றி விகிதம் உண்டா?

“அந்தம்மாவத் தவிர எல்லாரும் கெடைச்சிட்டீங்க,” என்றார் எஸ்.ஐ. பாராட்டுகிற தொனி இல்லை. திருப்பூர் அலைச்சல் இன்னும் தீரவில்லை போலும். சுவர் ஓரம் நின்றிருந்த சரண்யா அழவில்லை. காலி மாத்திரை அட்டையை மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு எஸ்.ஐ.யிடமிருந்து போன் வந்தது. செவந்தி கிடைத்துவிட்டார். மருத்துவமனையில் திங்கட்கிழமை முதல் ‘பெயர் தெரியாத பெண்’ என்ற பெயரில் இருந்திருக்கிறார். பஸ்ஸில் வலிப்பு வந்து விழுந்ததில் கம்பியில் தலை மோதி, நாலு நாள் நினைவே இல்லை. வெள்ளிக்கிழமைதான் கண் விழித்தார். பேச்சு இன்னும் குழறியதால், சொன்ன பெயர் யாருக்கும் விளங்கவில்லை.

குழு பொன்னாடையோடு வேன் பிடித்துப் புறப்பட்டது. தலையில் கட்டோடு செவந்தி படுத்திருந்தார். சரண்யா அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வீரய்யா தொண்டையைச் செருமினார்.

“ஆத்தா செவந்தி, நீ கெடைச்சதுல சந்தோசம். ஆனா திருப்பூர்ல இருக்கறதாத் தீர்மானம் போட்டு மேலிடம் வரைக்கும் போயிருச்சு. ஒடம்பு தேறுனதும் ஒரு எட்டுத் திருப்பூர் போயிட்டு வந்துட்டீன்னா, ரெக்கார்டு சரியாப் போயிரும்.”

செவந்தி ஜன்னலைக் காட்டினார். எதிரே எங்கள் ஃபிளக்ஸ் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

“நேத்து... நர்ஸுட்ட... கையக் காட்டிக்... கேட்டேன் பெரியப்பா,” என்றார் மெதுவாக. “ஏதோ... காதுகுத்துன்னாங்க.”

அப்போது எஸ்.ஐ. உள்ளே வந்தார். கூடவே காக்கிச் சட்டையில் ஒருவர். புதுக்கோட்டைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர், பெயர் திருப்பதி. அவர் கையில் ஒரு கவர் இருந்தது. எஸ்.ஐ. விளக்கினார்: செவந்தியைப் பற்றி முப்பத்தோரு மனுக்கள் வந்தும் கிடைக்காத துப்பு, ஒரே ஒரு கடிதத்தால் கிடைத்தது. பஸ் முதலாளிக்கு வந்த கடிதம் அது. அதற்குப் பதில் எழுதச் சொல்லித் திருப்பதியிடம் கொடுத்திருக்கிறார்கள். அனுப்புநர் முகவரியில் மாங்கொல்லைப்பட்டி என்று இருந்ததும், ஃபிளக்ஸிலும் அதே ஊர்ப் பெயர் இருந்ததும் திருப்பதிக்குப் பொறிதட்டியிருக்கிறது. அவர் நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

கையெழுத்தை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். என்னுடையது. இந்த வழக்கைத் துலக்கிய ஒரே ஆவணம் என் பேனாவிலிருந்து வந்தது என்பதை இங்கே அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எஸ்.ஐ. உரக்கப் படித்தார்: “‘ஐயா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள் என்பது தாங்கள் அறிந்ததே. அன்று தங்கள் பேருந்தில் பயணம் செய்த நான், டிரைவருக்குப் பின்சீட்டில் அமர்ந்திருந்தேன். காலை 9.48 மணிக்குப் பின்பக்கம் பூக்கூடையோடு வந்த பெண் ஒருவர் வலிப்பு வந்து விழுந்ததாகச் சத்தம் கேட்டது. தங்கள் நடத்துநர் பயணிகளின் சம்மதம் பெறாமல், வழித்தடத்தை மாற்றி, பேருந்தை நேராக மருத்துவமனைக்குள் விடச் செய்தார். இதனால் எனக்கு இருபத்திரண்டு நிமிடம் தாமதம் ஏற்பட்டு, டோக்கன் கிடைக்காமல் போயிற்று. நடத்துநர் மீது தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’”

கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை.

“‘யாராச்சும் இவங்க ஊர்க்காரங்க இருக்கீங்களா’ன்னு நாலு தடவை சத்தம் போட்டேன் சார்,” என்றார் திருப்பதி.

சரண்யா தரையிலிருந்து எழுந்து என் எதிரே வந்து நின்றாள்.

“ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேண்ணே. பாக்கலையா?”

“இல்லம்மா,” என்றேன். “நான் மணி பாத்துக்கிட்டு இருந்தேன்.”