மாதிரிதானேகாரரும் மூன்று அணு கனமும்

உலகத்தில் புதிதாக எதுவும் வந்துவிடாமல் காவல் காக்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் எதைச் சொல்லத் தொடங்கினாலும் பாதிச் சொல்லிலேயே தலையாட்டி, 'இது நம்ம அது மாதிரிதானே' என்று முடித்துவிடுவார்கள். மாதிரிதானேகாரர்கள் என்று பெயர் வைப்போம். வியந்து நிற்பது இவர்களுக்கு ஒரு சிறு அவமானம்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகு செய்கிற சிங்காரம் இதில் தேர்ந்தவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன் அவருக்குத் தூண்டில் மாதிரி. இதயத்தில் வைக்கிற ஸ்டென்ட் வலைக்கண்ணி மாதிரி. ஆன்மா எஞ்சின் மாதிரி, கழற்றி வேறு படகில் மாட்டிக்கொள்ளலாம்.

அவருடைய அண்ணன் மகள் நிவேதா சென்னையில் ஆராய்ச்சி மாணவி. செயற்கை நீலக்கல் வில்லையின் மேல் மூன்று அணு கனத்தில் குறைக்கடத்திப் படலம் வளர்க்கிறாள். வளர்ப்பதை உலை பார்த்துக்கொள்ளும். வளர்ந்ததைக் கிழியாமல் கல்லிலிருந்து பிரிப்பதுதான் உயிரை வாங்கும். பன்னிரண்டில் பதினொன்று கிழிந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றைப் பெங்களூரில் ஒரு கருவியில் பிரிக்க மறுநாள் ரயில். அதுவும் போனால் ஆறு மாதம் போச்சு. இடையில் வில்லைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தவள், இதைச் சொல்லி முடிக்கவில்லை.

"இன்னாம்மா, நம்ம படகு மாதிரிதானே? அச்சுல மெழுகு தேச்சு, ஃபைபர் ஒட்டி, காஞ்சதும் ஓரமா தண்ணி உட்டா தானா கழண்டுக்கும்."

வேடிக்கை என்னவென்றால், அது ஏறக்குறைய சரி. ஆய்வகத்திலும் அடியில் நீர் புகவிட்டுப் பிரிப்பதுண்டு. நிவேதா அசந்துபோய், ஆமாம் சித்தப்பா என்றாள். இந்த இனத்திடம் சொல்லக்கூடாத சொல் அது. ஆமாம் கேட்டவர் அடுத்து கையை வைப்பார்.

அவள் சாப்பிடப் போனதும் சிங்காரம் பெட்டியைத் திறந்தார். பிரிக்கும் முன் மேலே துடைத்துவிடுவது படகுக்காரர் வழக்கம். வில்லையின் மேல் மூச்சுக்காற்று படிந்தது போல ஒரு மங்கல். படலம் எங்கே என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இல்லை, வெறும் அழுக்கு. கட்டைவிரலைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, பாசத்தோடு துடைத்தார்.

நிவேதா திரும்பி வந்தபோது கல் பளிச்சென்று இருந்தது.

"சித்தப்பா, இதுல மங்கலா ஒண்ணு இருந்துச்சே?"

"அழுக்கும்மா. தொடச்சிட்டேன்."

அவள் அவர் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினொன்றில் நடக்காதது நடந்திருந்தது: படலம் கல்லைவிட்டு முழுசாகப் பிரிந்துவிட்டது. சிங்காரத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையை இழுத்துக்கொண்டார். ஆனாலும் இனத்தின் குணம் விடுமா?

"தண்ணி பட்டா கழண்டுக்கும்னு சொன்னேன்ல?" என்றார், மெதுவாக.

"கழண்டுக்கிச்சு சித்தப்பா. உன் ரேகையில போய் மாட்டிக்கிச்சு."

சொல்லிவிட்டு அவள் ரயில் டிக்கெட்டை ரத்து செய்யப் போனை எடுத்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மெல்லிய படலம், கல், ஓரத்தில் தண்ணீர், கிழியாமல் எடுப்பது என்று படித்துக்கொண்டே வந்தபோது, எங்கோ ஓரிடத்தில் 'அட, தோசை மாதிரிதானே' என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியிருந்தால், இனி யாராவது எதையாவது உங்களுக்கு விளக்கும்போது இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.