டிசி லைன்காரனுக்குப் பெண் கொடுப்பதற்கில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி, நம் பெண், வீட்டு வோல்டேஜ் எல்லாரும் சீராக இருக்கிறோம். அங்கும் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும்.

நீ பார்த்துச் சொன்ன பையன் நேற்று வந்து போனான். வேண்டாம் என்று அவர்கள் வீட்டுக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு. தங்கமான பையன்தான். ஆனால் டிசி லைன்காரன், நேர்மின்சாரம் கடத்துகிற கூட்டம். காலமெல்லாம் ஏசி சப்ஸ்டேஷனில், மாறுமின்சாரத்தோடு, உழைத்து ஓய்வு பெற்ற என் வீட்டில் இப்படி ஒரு சம்பந்தமா?

அவன் வருகிறான் என்றதுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீசிலிருந்து கொண்டுவந்த ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ பலகையை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். வேறு எவனாக இருந்தாலும் கேட்டைத் தள்ளியிருப்பான், இல்லை திரும்பிப் போயிருப்பான். இவன் வெயிலில் நின்றான். உன் அண்ணி ஓடிப்போய், "உள்ள வாங்க தம்பி, அது சும்மா" என்றால், "மாட்டினவங்கதாங்க எடுக்கணும், நான் தொடக்கூடாது" என்கிறான். எங்கள் தொழிலில் அதுதான் சட்டம், அதை மீறியவர்கள்மேல் நானே புகார் எழுதியிருக்கிறேன், அதனால் நானே போய்க் கழற்றி அழைத்துவந்தேன், சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்தது சனி. "ஏசின்னா டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு ஏத்தலாம், இறக்கலாம், வழியில எந்த ஊருக்கும் சுலபமா பிரிச்சுக் குடுக்கலாம். உங்க டிசியால முடியுமா?" என்றேன். "கஷ்டம்தாங்க. ஏசியை டிசியா மாத்துற ஸ்டேஷனுக்கும் செலவு ஜாஸ்தி. ஆனா தூரம் கூடக்கூட ஏசியிலதான் வீணாகுறது அதிகம். ரொம்ப தூரம்னா டிசிதான்" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னான். நான் கரண்டிகளை டவராக அடுக்கி விளக்கினேன், அவன் தம்ளரை நகர்த்தி மறுத்தான், தண்ணீர் கொட்டியது, உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள், நம் பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ‘ரொம்ப தூரம்’ எது என்று கேட்டேன். லைன் போய் முடிகிற கடலோர ஊர். கல்யாணமானால் நம் பெண் அங்கேதான் குடித்தனம் பண்ண வேண்டுமாம். வழியில் எங்கும் இறங்காத கரண்ட் மாதிரி, போனால் போனதுதான். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே. ஏசி, டிசி என்றே காரணம் சொல்.

உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

அண்ணன்

பி.கு.: அவர்கள் வீட்டுக்குப் போன் செய்யாதே. பையன் இப்போதுதான் போனில் பேசினான். "டிசியா வந்தாலும் எங்க ஸ்டேஷன்ல ஏசியா மாத்தித்தான் ஊருக்குக் குடுக்கிறோம், மாமா. அந்த ஏசி பக்கத்தைப் பார்த்துக்க அனுபவமுள்ள ஆள் தேடுறாங்க. குவார்ட்டர்ஸ் உண்டு" என்றான். கல்யாணத்துக்கும் வேலைக்கும் சேர்த்தே சரி என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணி சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நாங்களும் கூடவே வருகிறோம் என்பது மட்டும் நம் பெண்ணுக்கு இன்னும் தெரியாது. அதை நீதான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.