கிர்ஸ்டனுக்காக நிலவறையில் ஓர் அறை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஆர்டிஸ் அக்காவுக்கும் வெண்டல் அத்தானுக்கும்,

தம்பி லோவெல் எழுதிக்கொள்வது. அரிசோனா வெயிலில் அக்காவின் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே லவோனும் நானும் சுகம். சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மூன்று வாரமாக எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. லவோன் கறியையும் உருளைக்கிழங்கையும் அடுக்கி ஹாட்டிஷ் செய்து வைத்தால் மேலே மொறுமொறுவென்று இருக்கும் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படியுங்கள், பதறுவதற்கு இந்த வீட்டில் நான் ஒருவன் போதும்.

என் மகள் கிர்ஸ்டன் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டென்வரில் அவளும் புருஷனும் பிரிந்து ஐந்து மாதமாகிறது, குழந்தை ஆனிகாவை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுகிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குப் போன் செய்து, "நீ வேணா இங்கயே வந்து இரேம்மா" என்றேன். "வேணாம்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள். "ஒரு சிரமமும் இல்ல, கீழ நிலவறை சும்மாதானே கெடக்கு" என்றேன். "பரவாயில்லப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நம் ஊர் ஆட்கள் வேண்டாம் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? பிறகு இரண்டு பேரும் கால் மணி நேரம் பனியைப் பற்றிப் பேசினோம். போனை வைத்துவிட்டு லவோனிடம், "பேசி முடிச்சாச்சு, வர்றா" என்றேன். அவள் இருக்கும் வீட்டின் வாடகைக் காலம் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. ஆக, சனிக்கிழமை வருகிறாள். ஆனால் எங்கே படுக்க வைப்பது? அவளுடைய பழைய அறையில் இப்போது லவோனின் தையல் மெஷினும், சர்ச் பெண்கள் ஏழை நாடுகளுக்கு அனுப்பத் தைத்து அடுக்கியிருக்கும் நூற்றிருபது ஒட்டுப்போர்வைகளும் இருக்கின்றன. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை, அதுவும் மனசு நொந்து வருகிறவளை, போர்வை மூட்டைக்கு நடுவில் படு என்று சொல்ல முடியுமா? ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். அப்புறம் ஆனிகாவை நான் கிறிஸ்துமஸில்தான் பார்ப்பேன். அதனால் மறுநாள் காலையிலேயே சுத்தியலும் கையுமாக நிலவறையில் இறங்கிவிட்டேன்.

ஆள் வைத்துச் செய்யக் கூடாதா என்று அத்தான் கேட்பார். கூப்பிட்டேன், ஜூலையில் வருகிறேன் என்றான். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான், அறுபது பிள்ளைகளைப் பனிப்புயலில் வீடு கொண்டு சேர்த்தவன், நாலு மரச்சட்டத்தை நிமிர்த்தி நிறுத்த முடியாதா என்று ஒரு ரோஷம். நிறுத்தினேன். மூன்று நாளில் குறுக்குச் சுவருக்கான சட்டமெல்லாம் எழும்பிவிட்டது. பக்கத்து வீட்டு ஹார்லன் காப்பிக் கோப்பையோடு படியிறங்கி வந்து நின்றான். சுற்றிப் பார்த்தான். கூரையைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான். ஒரு மிடறு குடித்தான். "வித்தியாசமா பண்ணியிருக்கே லோவெல்" என்றான். "இப்படியும் செய்வாங்க போல" என்று இன்னொன்றும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

அக்கா, நம் ஊரில் ஒருத்தன் "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு வசவு உண்டா? எது வித்தியாசம் என்று அவனைக் கேட்கவும் முடியாது, கேட்டால் அவனைச் சங்கடத்தில் மாட்டிவிட்டதாகும். இரண்டு நாள் ஒவ்வொரு சட்டமாக ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நேர். ஆணிகளை எண்ணினேன். கதவு நிலையைப் பிரித்து மறுபடி பூட்டினேன். நாலு கோணமும் சரி. சரி, அவனுக்குப் பொறாமை என்று முடிவு கட்டி ஜிப்சம் பலகையையும் அடித்துவிட்டேன். மறுநாள் லவோன் மான் கறி எடுக்கக் கீழே இறங்கினாள். இறங்கியவள் வெகுநேரம் வரவில்லை. அப்புறம் நிதானமாகக் கேட்டாள், "ஏங்க, கிர்ஸ்டன் ஃப்ரீசரோடவா படுத்துக்கப் போறா?"

போன நவம்பரில் வேட்டையில் சுட்ட இரண்டு மானும் முழுசாக உள்ளே கிடக்கும் அந்தப் பெரிய ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றித்தான் நான் அறையைக் கட்டியிருக்கிறேன். பெட்டியின் அகலம் முப்பத்தொரு அங்குலம். கதவின் அகலம் இருபத்தெட்டு. நிமிர்த்திப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், லவோன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, திட்டாமல் திட்டிப் பார்த்தோம். அசையவில்லை. ஹார்லனிடம் போய், "பாத்தா சொல்லக் கூடாதாப்பா" என்றேன். அவனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே லோவெல், எவ்ளோ அழுத்திச் சொன்னேன்" என்றான். யோசித்துப் பார்த்தால் சொல்லத்தான் சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. நிலவறையில் ஆள் தூங்க வேண்டுமென்றால் தீப்பிடித்தால் ஏறி வெளியே போகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்பது நகராட்சி விதி. அதற்கு வெளியே தோட்டத்தில் ஆள் நிற்கிற மாதிரி ஒரு குழி வெட்டி, சுவரை அறுத்து, ஜன்னலைப் பொருத்தினேன். ஏப்ரல் மாசம், பனியெல்லாம் உருகி எங்கே போகலாம் என்று வழி தேடிக்கொண்டிருந்தது, நான் வழி காட்டிவிட்டேன். பரவாயில்லை, மூலையில்தான் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஆனால் புதிதாக விளக்குக்கு ஒயர் இழுத்தபோது, சிக்கனமாக இருக்கட்டும் என்று மோட்டாருக்கும் அதே சுவிட்சிலிருந்து கொடுத்திருந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. மத்தியானம் லவோன், "சாப்பிட வாங்க, லைட்டை அணைச்சுட்டு வாங்க" என்றாள். நாற்பத்திரண்டு வருஷமாக அவள் சொல்வதும் நான் அணைப்பதும் வழக்கம்தானே, அணைத்துவிட்டு வந்தேன். சாப்பிட்டுவிட்டு இறங்கினால் கடைசிப் படியில் செருப்பு மிதக்கிறது. பலகையெல்லாம் அடியில் ஊறிப் பொதபொதவென்று உப்பிவிட்டது. சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்கு அறுத்து எறிந்தேன். ஃப்ரீசர் மட்டும் செங்கல் மேல் நின்றதால் ஜம்மென்று உறுமிக்கொண்டிருந்தது. ஹார்லன் வந்து பார்த்துவிட்டு, "கீழ நல்லா காத்து வரும்" என்றான். இந்தத் தடவை நான் யோசிக்கவே இல்லை, உடனே புதுப் பலகை வாங்கி வந்து அடைத்தேன், மோட்டாருக்குத் தனி ஒயரும் இழுத்தேன்.

நேற்றுக் காலை நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தார். டேல் என்று பெயர், இரண்டாம் வகுப்பிலிருந்து என் பஸ்ஸில் வந்தவன், இப்போது தாடியும் கோப்புமாக இருக்கிறான். அவன் ஜன்னலை நாடாவால் அளந்து, "அளவு சரியா இருக்கு சார்" என்றான். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பயம் விடவில்லை. எங்கே சந்தேகப்பட்டுவிடுவானோ என்று, "ஏறிக் காட்டறேன் பாரு" என்று நாற்காலி போட்டு ஏறிவிட்டேன். தலையும் தோளும் வெளியே போய்விட்டன. தொப்பை போகவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கால் இரண்டும் அறைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து ஹார்லன் தோட்டத்துப் பக்கம் வந்து குழியின் விளிம்பில் நின்றான்.

"என்ன லோவெல், வெளிய வந்துட்டே."

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

"இன்னிக்கு வெயில் தேவலை."

"தேவலை."

"கை குடுக்கட்டா?"

"வேணாம் வேணாம்."

அவன் ஒரு மிடறு காப்பி குடித்தான். உள்ளே டேல் என் காலணியைப் பிடித்துக்கொண்டு, "சார், பின்னாலேர்ந்து கொஞ்சம் தள்ளட்டுமா?" என்றான். "வேண்டாம்ப்பா, நீ எழுதறதை எழுது" என்றேன்.

"இல்ல, நான் சும்மாதானே நிக்கறேன், இழுத்து விடறேனே" என்றான் ஹார்லன்.

"எதுக்கு, உன் காப்பி ஆறிடும்."

அவன் கோப்பையைப் புல்மேல் வைத்துவிட்டு, "நெஜமாத்தான் கேக்கறேன், குடு கையை" என்றான். "சரி, உனக்கு ஒண்ணும் சிரமமில்லேன்னா" என்றேன். ஒருத்தன் இழுக்க, ஒருத்தன் தள்ள, சட்டையில் மூன்று பொத்தானை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்து விழுந்தேன். டேல் கையெழுத்துப் போட்டுவிட்டான். "மோசமில்ல சார்" என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. "ஃப்ரீசர் இருக்கக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்ல, உள்ள எப்படி வந்துச்சுன்னுதான் புரியல" என்று மட்டும் சொன்னான். அதன்மேல் ஒரு துணி விரித்து மேஜை மாதிரி ஆக்கிவிட்டோம்.

ஆக, அறை தயார். கட்டில் போட்டாகிவிட்டது. ஆனாலும் மனசு நிலைகொள்ளவில்லை. சுவருக்கு வர்ணம் அடிப்பது மட்டும் பாக்கி. கிர்ஸ்டனுக்கு இளநீலம் பிடிக்குமா, பால் வெள்ளை பிடிக்குமா என்று தெரியவில்லை. அக்கா, நீங்களாகவே பேசுவதுபோல அவளிடம் பேசி, பேச்சுவாக்கில் அதைக் கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். உங்களுக்குச் சிரமமாக இருந்தால் வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் ஆண்டவர் வலியில்லாத முழங்காலையும் கலையாத தூக்கத்தையும் கொடுக்கட்டும். சர்ச்சில் எல்லாரும் உங்களை விசாரித்தார்கள். அத்தானுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
லோவெல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் லவோன் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். இரண்டாம் பத்தியிலேயே நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க அவளை எத்தனை தடவை கேட்டீங்க?" என்றாள். ரெண்டு தடவை என்றேன். "ரெண்டா?" என்றாள். "அவ ரெண்டு தடவை வேணாம்னா, நீங்க போனை வெச்சிட்டீங்களா? நம்ம வீட்டுல ஒரு துண்டு கேக்குக்கே மூணு தடவை கேக்கணும். பொண்ணை வீட்டுக்குக் கூப்பிட ரெண்டு போதுமா?" என்றாள். ஞாயிறுதோறும் அவள் கிர்ஸ்டனோடு பேசியிருக்கிறாள். இங்கே வருவதைப் பற்றி இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உடனே போன் போட்டேன். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்க நினைத்தேன், வாயில் வரவில்லை. "கிர்ஸ்டன், இங்க வந்துடும்மா" என்றேன். அப்புறம், "நீங்க ரெண்டு தடவை கேட்டுட்டு வெச்சிட்டீங்கப்பா. முறைக்குக் கேட்டீங்க போலன்னு நெனச்சுட்டேன்" என்றாள். அங்கேயே வேறொரு வீடு பார்த்திருக்கிறாளாம், இன்று சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாக இருந்தாளாம். நிலவறை தயாராக இருக்கிறது, ஜன்னலெல்லாம் வைத்திருக்கிறேன் என்றேன். "நிலவறையா? ஆனிகாவுக்குக் கீழ இறங்கவே பயம்பா. அந்தப் போர்வைய எல்லாம் கொஞ்சம் ஒதுக்கிக் குடுத்தா எங்களுக்கு என் பழைய ரூமே போதும்" என்றாள். அதனால் வர்ணம் எதுவென்று கேட்க வேண்டாம் அக்கா. போர்வைகளைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "நானே வந்து கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்றேன். "வேணாம்பா, அவ்ளோ தூரம் ஓட்டணும்" என்றாள். "வரட்டுமா?" என்றேன். "எதுக்குப்பா சிரமம்" என்றாள். மூச்சுக்கூட விடாமல் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறேன்.